காளவாய் வீட்டு அக்கா

"யார்கிட்டயும் சொல்லாதப்பா" என்று காளவாயக்கா தொடங்கினால், எதிர்வரிசையில் தறியில் உட்கார்ந்திருப்பவர் மிதியை நிறுத்தாமலே முழுச் செய்தியையும் கேட்டுவிடுவார். கேட்டதோடு விடமாட்டார், உள்ளேயிருந்தே தன் கருத்தையும் சொல்லுவார். அக்கா அதற்குப் பதில் சொல்லுவார். இப்படியாக எங்கள் தெருவில் ரகசியங்கள் எல்லாம் பொதுவில்தான் பேசித் தீர்க்கப்பட்டன.

பெரியவர், சின்னவர் எல்லாருக்கும் அவர் அக்காதான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. தபால்காரரைத் தவிர யாருக்கும் அது தேவைப்படவில்லை.

சுண்ணாம்பு சுடுகிற சூளையைக் காளவாய் என்பார்கள். ஓயாமல் சத்தம் போட்டுப் பேசுகிறவரைப் பார்த்து "வாயா அது, காளவாய்" என்று சொல்லுவதும் எங்கள் பக்கத்தில் உண்டு. தெரு அவருக்குப் பெயர் வைத்தது இந்த இரண்டாவது பொருளில். அவர் வாங்கிக்கொண்டது முதல் பொருளில். ஏனென்றால் அவர் நிஜமாகவே காளவாய் வீட்டுப் பெண். கடற்கரையில் அவருடைய தாத்தா கட்டி, அப்பா நடத்திய காளவாய் இருந்தது. கல்யாணமாகி காஞ்சிபுரத்துக்கு வந்த புதிதில் யாரோ "காளவாய் வருது பார்" என்றதும், பிறந்த வீட்டுப் பெருமை இத்தனை தூரம் எட்டியிருக்கிறதே என்று பூரித்துப் போனாராம். அதை எங்கள் அம்மாவிடம்தான் சொன்னார். அதாவது தெருவுக்கே சொன்னார். அதற்குப் பிறகு கூப்பிட்டு உட்காரவைத்து அர்த்தம் சொல்ல யாருக்கு மனசு வரும்?

அவரைப் பற்றி நான் எழுத உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் அம்மா.

அம்மாவுக்குக் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. தறிச் சத்தத்திலேயே பிறந்து, தறிச் சத்தத்திலேயே வாழ்க்கைப்பட்டு வந்தவள். முதலில் குக்கர் விசில் கேட்காமல் போனது. பிறகு கோயில் மணி. பிறகு நாங்கள். காதுக்கு மெஷின் வாங்கி மாட்டினோம். எங்கள் வீட்டில் மூன்று தறி. மெஷின் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தறியை மட்டும் பிடித்துக் கொடுத்தது. "தறியத் தூக்கி மண்டைக்குள்ள வெச்ச மாதிரி இருக்குதுடா" என்று ஒரு வாரத்தில் கழற்றி, விபூதி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். அது அங்கேயே இருந்தது.

காது கேளாதவரிடம் வீட்டு மனிதர்கள் என்ன பேசுவார்கள்? சாப்பிட வா, மாத்திரை போடு, விளக்கை அணை. இதையெல்லாம் கையாலேயே காட்டிவிடலாம். பூனை குட்டி போட்டதையும், பக்கத்து வீட்டுக்காரர் புது வண்டியை எடுத்த எடுப்பிலேயே சாக்கடையில் விட்டதையும் யார் கத்திச் சொல்லுவார்கள்? அவசியமில்லாத பேச்சு நின்றுபோனால் ஒருவருக்கு உலகத்தில் பாதி போய்விடுகிறது. எங்கள் அம்மாவுக்கு அந்தப் பாதியைக் கொண்டுவந்து கொடுத்தவர் காளவாயக்கா. அவருடைய சாதாரணக் குரலே அம்மாவின் காதுக்குச் சரியாக இருந்தது. கஷ்டப்பட்டு உரக்கப் பேசவில்லை, தயவு காட்டவில்லை. சும்மா பேசினார். ஊரெல்லாம் முகம் சுளித்த அந்தக் குரலுக்கு நான் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுவேன்.

மத்தியானச் சோற்றுக்குப் பிறகு வருவார். அம்மா ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருப்பாள். அக்கா பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்துகொள்ளுவார். தெருச் செய்திகள் தீர்ந்ததும் காளவாய்க் கதை தொடங்கும். சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே, பக்கிங்காம் கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல்மேடு. அதன் மேல் வட்டமாகச் செங்கல் சுவர். உப்பங்கழியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று பெண்கள் கிளிஞ்சலை அரித்து எடுப்பார்கள். கரியும் கிளிஞ்சலும் மாற்றி மாற்றிக் கொட்டித் தீ வைத்தால் மறுநாள் வரை எரியும். வெந்த கிளிஞ்சல் வெள்ளை வெளேரென்று கிடக்கும். ஆறிப்போனது என்று நினைத்துத் தண்ணீர் தெளித்தால் சீறிக்கொண்டு பொடியாகும். அந்தக் காலத்தில் படகில் ஏற்றிக் கால்வாய் வழியாகவே பட்டணத்துக்கு அனுப்பினார்களாம். பிறகு லாரி வந்தது. வாலாஜாபாத் லாரி ஒன்றில் சுண்ணாம்பு ஏற்ற வந்தவர்தான் அக்காவின் வீட்டுக்காரர். சுண்ணாம்போடு பெண்ணையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார் என்பது அம்மா அடிக்கிற கேலி.

கதையில் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். "உங்க பெரிய கோயில் மதிலுக்கு வெள்ளையடிச்சதே எங்க சுண்ணாம்புலதாங்க்கா" என்பார். அப்படியானால் கோயிலையும் உங்கள் தாத்தாதான் கட்டினாரா என்று அம்மா கேட்பாள். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, இருக்கலாம், யாரைக் கேட்பது, இப்போது அவர் இல்லையே என்பார். தறியில் இருக்கிற நாங்கள் சிரிப்போம். அம்மாவும் சிரிப்பாள். எங்களோடு சேர்ந்து, ஒரே சமயத்தில், அவள் சிரித்தது அந்த மத்தியானங்களில்தான்.

ஏன் இவ்வளவு சத்தம் என்பதற்கும் அந்தக் கதையிலேயே பதில் இருந்தது. ஒரு பக்கம் கடல் இரையும். இன்னொரு பக்கம் தீக்குக் காற்று ஊதுகிற சக்கரம் இரையும். நடுவில் ஆளை மறைக்கிற சுவர். இந்தப் பக்கம் நிற்கிறவர் அந்தப் பக்கத்து ஆளிடம் "கரி போடு" என்று சொல்ல அடிவயிற்றிலிருந்துதான் குரல் வரவேண்டும். அந்த வீட்டில் மெல்லப் பேசுகிற பிள்ளைக்குச் சோறு கூடக் கிடைக்காது என்பார். தொட்டிலில் கிடக்கும்போதே கத்திப் பழகியவர்கள்.

பிறகு சிமெண்டு வந்தது, பெயிண்டு டப்பா வந்தது. கிளிஞ்சல் கிடைத்த இடத்தில் இறால் பண்ணை வெட்டினார்கள். மிச்சமிருந்த பள்ளத்தைச் சுனாமி மணல் மூடிவிட்டது. தீ அணைந்த கதையைச் சொல்லும்போது அழுவாரோ என்று நான் தறியிலிருந்து எட்டிப் பார்த்திருக்கிறேன். அழவில்லை. "நல்லதாப் போச்சு. கை வெந்த வேலை" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார். சுண்ணாம்பு தின்ற கை. ரேகை என்று சொல்ல ஒன்றுமில்லை, வழவழவென்று இருந்தது.

அந்தக் கையால் ரேஷன் கடையில் மாதாமாதம் ஒரு கூத்து நடக்கும். விரல் வைக்கிற மெஷின் அவரை ஆள் என்றே ஒத்துக்கொள்ளாது. துடைத்துவிட்டு வையுங்கள், வேறு விரலை வையுங்கள் என்று கடைக்காரர் சொல்லிக்கொண்டே இருப்பார். ஒருமுறை அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "மெஷினுக்குத்தான் தெரியல. உனுக்குமா தெரியல? தெருவுல கேளு, நான் யாருன்னு சொல்லுவாங்க" என்றார். சாலைக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் இருந்தவர்கள் டம்ளரைக் கீழே வைக்காமலே, "காளவாயக்கா" என்று ஒரே குரலில் சொன்னார்கள். அக்கா கடைக்காரரைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, பட்டாபிஷேகத்தில் உட்கார்ந்தவர் பார்வை. அரிசி கிடைத்தது.

தெருவுக்கும் அவரால் உபகாரம் இருந்தது. விடியற்காலையில் பாவு நீட்டும்போது, பட்டு இழைகள் தெரு நீளத்துக்குக் கட்டப்பட்டிருக்கும். அந்தக் கோடியில் இருப்பவர் இழுக்க வேண்டும், இந்தக் கோடியில் இருப்பவர் விட வேண்டும். ஒருவர் சொல்லுவது இன்னொருவருக்குக் கேட்காது. அக்காவின் வீடு நடுவில். வாசல் தெளித்துக்கொண்டே "இழுக்கச் சொல்றாரு", "போதுமாம்" என்று இரண்டு பக்கமும் சேர்த்துவிடுவார். அவர் ஊருக்குப் போயிருக்கிற நாளில் பாவு நீட்டத் தயங்கியவர்கள் உண்டு.

வினை கல்யாணப் பத்திரிகையில் வந்தது. மகனுக்குக் கல்யாணம். அக்காவின் வீட்டுக்காரர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். பத்திரிகையில் வெறும் பெயரைப் போட்டால் யாருக்குத் தெரியும் என்று, தன் பெயருக்கு முன்னால் 'காளவாய் வீட்டு' என்று கொட்டை எழுத்தில் போடச் சொல்லிவிட்டார் அக்கா. அச்சகத்துக்காரர் நிஜமாகவா என்று திரும்பத் திரும்பக் கேட்டாராம். தெருவில் பத்திரிகை வாங்கிக்கொண்ட ஒவ்வொருவரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மருமகள் நல்ல பெண். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. அவள் வெளிநாட்டுக்காரர்களோடு பேசிக்கொண்டிருக்கும்போது அக்கா வாசலில் பேரம் பேசுகிற முருங்கைக்காய் விலை அங்கே வரைக்கும் கேட்டுவிடும். யாரது, ஏதாவது ஆபத்தா என்று ஒருமுறை அங்கேயிருந்து விசாரித்திருக்கிறார்கள். மேலதிகாரியும் கொஞ்சம் கடுமையாகப் பேசியிருக்கிறார். அவளுக்கு வேலை போய்விடுமோ என்று பயம். அதே சமயத்தில் பத்திரிகையில் போட்ட பெயருக்கு என்ன அர்த்தம் என்று தெருவில் யாரிடமோ கேட்டிருக்கிறாள். கேட்கப்பட்டவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுச் சொல்லியிருக்கிறார். அத்தைக்கு இது தெரியாமல் இருக்கக் கூடாது என்று அவள் நல்லெண்ணத்தில்தான், பக்கத்தில் உட்கார்ந்து, பக்குவமாகச் சொன்னாள்.

அன்றோடு அக்காவின் குரல் நின்றது. பேச்சு நிற்கவில்லை, குரல் நின்றது. நடுவாந்தரமாகப் பேச அவருக்குத் தெரியாது. ஒன்று அந்தக் குரல், இல்லாவிட்டால் வெறும் காற்று. உதடு மட்டும் அசையும். இழுக்கச் சொன்னபோது விட்டு, விடச் சொன்னபோது இழுத்து, தெருவில் ஒருவருடைய பாவில் இழைகள் அறுந்தன. தற்செயலாக அக்காவைக் கடைத்தெருவில் பார்த்தபோது கிட்டே வந்து நின்றார். குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"இத்தினி வருசமா திட்டிக்கினு இருந்தாங்க. நான் பட்டம்னு நெனச்சிக்கினு இருந்துட்டேம்பா."

இல்லை என்றால் பொய். பையை வாங்கி வண்டியில் வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டேன்.

எங்கள் வீட்டுக்கு வருவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. அதே மத்தியானம், அதே இடம். அம்மாவின் காதருகே வாயைக் கொண்டுபோய் அந்தக் காற்றுக் குரலில் பேசினார். அம்மா நன்றாகத் தலையாட்டினாள். சிரிக்க வேண்டிய இடம் என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துச் சிரித்தாள். கிட்டே போய்ச் சொன்னால் மெல்லச் சொன்னாலே போதும் போலிருக்கிறதே என்று அக்காவுக்கும் திருப்தி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஒருநாள் நான் தறியை விட்டு எழுந்தபோது அம்மா ராட்டையை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"எனக்கு முழுசாப் போயிடுச்சுடா. அவ பேசறது மட்டும் கேட்டுக்கினு இருந்தது. இப்போ அதுவும் கேக்கல" என்றாள். கண் கலங்கியிருந்தது. "அவகிட்ட சொல்லிடாதே. தெரிஞ்சா, யார்கிட்ட பேசறதுன்னு வர்றதையும் நிறுத்திடுவா."

காது போகவில்லை, அக்காதான் மெல்லப் பேசுகிறார் என்று கத்தினேன். வாய் அசைவதைப் பார்த்து, ஆறுதலுக்கு ஏதோ சொல்லுகிறேன் என்று நினைத்து என் கன்னத்தைத் தட்டினாள். சிலேட்டில் எழுதிக் காட்டலாம் என்றால், அவள் படித்தவள் இல்லை. அக்காவிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று வாசல் வரைக்கும் போவேன். திரும்பி வந்துவிடுவேன். சொல்லாதே என்று அம்மா கேட்டுக்கொண்டதும் நினைவுக்கு வரும், மருமகளின் வேலையும் நினைவுக்கு வரும், அந்தக் கடைத்தெருப் பேச்சும் நினைவுக்கு வரும். திட்டு என்று தெரிந்து அடக்கிக்கொண்ட குரலை, எனக்காகத் திரும்ப எடு என்று எந்த முகத்தோடு கேட்பது? ஆனால் அம்மா நாளுக்கு நாள் சுருங்கிப்போனாள். காது போய்விட்டது என்று முடிவு கட்டியவள், கேட்கவும் முயலவில்லை. கண்ணை மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு தறியில் உட்காருவது கஷ்டமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அக்காவின் தம்பி கடற்கரையிலிருந்து போன் செய்தார். மேட்டை மனை போடுகிறவர்கள் வாங்கிவிட்டார்களாம். காளவாயை இடிக்க ஜேசிபி வந்திருக்கிறது, பார்ப்பதென்றால் வந்து பார்த்துவிட்டுப் போ என்றாராம். சேலை கொண்டுபோகிற ஆம்னி வண்டி என்னிடம் இருந்தது. அம்மாவைத் தனியாக விட முடியாதென்று அவளையும் ஏற்றிக்கொண்டேன். ஓரிக்கையைத் தாண்டும் வரைக்கும் எங்கே போகிறோம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அக்கா இரண்டு கையையும் வட்டமாக வளைத்து, மேலே புகை போகிற மாதிரி காட்டினார். அம்மா புரிந்துகொண்டாள். செங்கல்பட்டு வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

போய்ப் பார்த்தால் சின்னதாக இருந்தது. கோயில் மதிலுக்கே சுண்ணாம்பு கொடுத்த காளவாய் என்று கேட்டுக் கேட்டு நான் மனசில் கட்டி வைத்திருந்ததில் கால்வாசி கூட இல்லை. சுவரில் பாதி ஏற்கெனவே விழுந்திருந்தது. உள்ளே எருக்கஞ்செடி. தீ வைக்கிற வாய்க்குள் யாரோ பீர் பாட்டில்களை வைத்திருந்தார்கள். கால்வாய்ப் பக்கம் ஜேசிபி உறுமிக்கொண்டு நின்றது. கடல் காற்று அம்மாவின் புடவையை இழுத்தது.

அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு காளவாயைச் சுற்றி வந்தார். இங்கேதான் சக்கரம், இங்கேதான் கரி என்று காதருகே காற்றுக் குரலில் சொல்லிக்கொண்டு வந்தார். அந்த இரைச்சலில் பக்கத்தில் நடந்த எனக்கே ஒன்றும் விளங்கவில்லை. அம்மா தலையாட்டினாள். ஒவ்வொன்றுக்கும் ஆட்டினாள். அக்கா நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் ஆட்டினாள். நான் கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தம்பி சுவருக்கு அந்தப் பக்கம் ஜேசிபிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். பேச்சு முடிந்து வண்டியைக் கிளப்பிப் புறப்படப் பார்த்தார். அக்காவுக்கு அவரை நிறுத்த வேண்டியிருந்தது. இடையில் சுவர், அந்தப் பக்கம் இயந்திரம், இந்தப் பக்கம் கடல். யோசித்திருந்தால் நடந்து போயிருப்பார். யோசிக்கவில்லை.

"டேய் தம்பீ, போவாத, நில்லுடா."

தம்பி பிரேக் போட்டு நின்றார். ஜேசிபிக்காரர் தன்னைத்தான் சொல்லுகிறார்கள் என்று இயந்திரத்தை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். மருமகள் அங்கே இல்லை என்பது அவருக்கு அப்போது நினைவில்லை போலிருக்கிறது.

அம்மா அப்படியே நின்றுவிட்டாள். பிறகு அக்காவின் கையை வாயிலிருந்து எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இன்னொரு வாட்டி கூப்புடு" என்றாள்.

"யாரங்க்கா?" என்றார் அக்கா, பழையபடி காற்றில்.

அம்மாவுக்கு அது கேட்கவில்லை. உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

"யாரையாச்சும் கூப்புடேண்டி."

அக்கா என்னைப் பார்த்தார். என் முகத்திலேயே எல்லாம் எழுதியிருந்திருக்கும். இத்தனை மாதமாக மத்தியானங்களில் தான் பேசியது ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, "யப்பா" என்று கூப்பிட்டார். அவர் செத்து எத்தனையோ வருஷம் ஆகிறது. பிறகு தாத்தாவைக் கூப்பிட்டார். பிறகு கழியில் இறங்கிக் கிளிஞ்சல் அரித்த பெண்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, கரையேறி வரச்சொல்லிக் கூப்பிட்டார். சோறு ஆறுகிறது, வாருங்கள் என்றார். காற்று அடிக்க அடிக்கக் குரல் ஏறிக்கொண்டே போனது.

அம்மா என் பக்கம் திரும்பினாள். காது கேளாதவர்கள் பேசுகிற அந்தச் சத்தத்தில், ஜேசிபிக்காரரும் தம்பியும் கேட்கும்படியாகச் சொன்னாள்:

"டேய், எனக்குப் போவலடா. கேக்குது."